நானூறாம் நம்பர் பூனை
கம்பெனி டாக்டர் ஹொசோகாவாவின் வாழ்க்கை

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேரும்போது, மீன் கூடைகளைச் சுற்றி முதலில் வந்து நிற்பவை பூனைகள்தான். மீனவர் வீட்டில் எந்த மீன் குழம்பாகிறதோ, அதன் தலையும் குடலும் பூனைக்கு. வீட்டாரும் பூனையும் ஒரே கடலை நம்பிப் பிழைக்கிறார்கள். அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத விஷம் ஒன்று கலந்துவிட்டால் அது முதலில் யாருக்குத் தெரியும்? அதிகாரிகளுக்கா? விஞ்ஞானிகளுக்கா? இல்லை, பூனைக்குத்தான் தெரியும். ஜப்பான் தேசத்தில் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பூனைகள் தெரிவித்த செய்தியைப் புரிந்துகொண்ட டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹஜிமே ஹொசோகாவா. இதில் வேடிக்கை என்னவென்றால், கடலில் விஷத்தை விட்ட அதே கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர் அவர். அவர் செய்த நல்ல காரியத்தையும், செய்யத் தவறிய காரியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் முத்துக்குளித்துறையில் வாழும் நமக்குப் பாடமாக இருக்கின்றன.

மினமாட்டா என்ற ஊர்

ஹொசோகாவா 1901-ம் வருஷம் ஜப்பானில் ஷிகோகு தீவிலுள்ள எஹிமே மாகாணத்தில் பிறந்தார். டோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1927-ல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்குத் தலைநகரில் நல்ல உத்தியோகம் காத்திருந்தது. ஆனால் அவர் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போனார். அந்தக் கம்பெனியின் பெயர் சிஸ்ஸோ. சிஸ்ஸோ என்றால் ஜப்பானிய பாஷையில் நைட்ரஜன். உரம் தயாரிப்பதில் தொடங்கி, பிளாஸ்டிக் தொழிலுக்கு வேண்டிய சரக்குகள் வரை தயாரித்த பெரிய ஸ்தாபனம் அது.

கம்பெனியின் முக்கியமான தொழிற்சாலை க்யூஷு தீவின் மேற்குக் கரையில் மினமாட்டா என்ற ஊரில் இருந்தது. ஊருக்கு முன்னால் ஷிரானுய் கடல். எதிரே அமகூஸா தீவுகள் மதில்போல் நிற்பதால் அங்கே பேரலை கிடையாது. மன்னார் வளைகுடாவில் நம் தீவுகளுக்கு உள்பக்கம் தண்ணீர் எவ்வளவு சாதுவாக இருக்குமோ, அவ்வளவு சாது. மீன்களும் சிப்பிகளும் நண்டுகளும் அங்கே ஏராளம். கரையோரக் குடும்பங்களுக்குச் சோற்றைவிட மீன்தான் பிரதான உணவு என்று சொன்னால் மிகையாகாது.

ஊரில் பாதிப் பேருக்குக் கடல் சோறு போட்டது. மீதிப் பேருக்குத் தொழிற்சாலை சோறு போட்டது. நகரசபைக்கு வரி கொடுத்ததும் தொழிற்சாலைதான். அதைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லிப் பேசமாட்டார்கள். அந்தத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரிக்கு ஹொசோகாவா தலைமை டாக்டரானார். தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டுமல்லாமல் ஊர் ஜனங்களுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது. அவர் நிதானமானவர். எதையும் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவர். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் ஒரு சரித்திரத்தையே மாற்றப் போகிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

நடனமாடிய பூனைகள்

1950-க்குப் பிறகு மினமாட்டா குடாவில் விநோதமான சங்கதிகள் நடக்கத் தொடங்கின. மீன்கள் செத்து மிதந்தன. பாறைகளில் கடற்பாசி வளரவில்லை. பறந்துகொண்டிருந்த காகங்கள் திடீரென்று கீழே விழுந்தன. எல்லாவற்றையும்விட விசித்திரம் பூனைகளின் நிலைமை. நன்றாக இருந்த பூனைக்குத் திடீரென்று கால் தடுமாறும். வட்டமிட்டுச் சுழலும், துள்ளும், சுவரில் மோதும், கடைசியில் கடலில் விழுந்து சாகும். பூனைகள் நடனமாடுகின்றன என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சில குப்பங்களில் பூனையே இல்லாமல் போய், எலித் தொல்லை தாங்க முடியாமல் ஆயிற்று.

பிறகு மனிதர்களின் முறை வந்தது. 1956-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ஹொசோகாவாவின் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். அவளுக்கு ஆறாவது வயது நடந்துகொண்டிருந்தது. நடக்க முடியவில்லை. பேச்சு குழறிற்று. வலிப்பு கண்டது. இரண்டே நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே கதி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இப்படித்தான் இருக்கிறது என்று அந்தப் பெண்களின் தாயார் அழுதுகொண்டே தெரிவித்தாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண டாக்டர் என்ன செய்திருப்பார்? மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். ஹொசோகாவா அப்படிச் செய்யவில்லை. வீடு வீடாக விசாரணை நடந்தது. மேலும் 8 பேர் அதே நோயுடன் அகப்பட்டார்கள்.

மே மாதம் முதல் தேதி

1956 மே முதல் தேதி அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மினமாட்டா பொது சுகாதார நிலையத்துக்கு ஒரு தகவல் போயிற்று. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் ஒன்று ஊரில் பரவுகிறது என்பதே அந்தத் தகவலின் சாரம். மினமாட்டா வியாதி அதிகாரபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்ட தினம் என்று உலகம் இன்றைக்கும் குறிப்பிடுவது அந்த நாளைத்தான்.

ஒரு டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தகவல் அனுப்புவது என்ன பெரிய காரியம் என்று வாசகர்கள் நினைக்கலாம். அதுதான் பெரிய காரியம். ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவரை, ஒருவருக்கு மூளைக் காய்ச்சல் என்றும், ஒருவருக்குக் குடியினால் வந்த கேடு என்றும், இன்னொருவருக்குப் பரம்பரை வியாதி என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய பெயரையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்த்த பிறகுதான் அது ஒரே நோய் என்பது வெளிப்பட்டது. மே 28-ந் தேதி ஊர் டாக்டர்களும் நகரசபையும் சுகாதார நிலையமும் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். பழைய ஆஸ்பத்திரி நோட்டுகளைப் புரட்டினார்கள். 1953-ம் வருஷக் கடைசியிலிருந்தே இந்த நோய் ஊருக்குள் இருந்திருக்கிறது என்று தெரிந்தது! 1956 அக்டோபருக்குள் 40 நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். அவர்களில் 14 பேர் இறந்துவிட்டார்கள்.

முதலில் இது ஒட்டுவாரொட்டி நோயாக இருக்குமோ என்று பயந்தார்கள். நோயாளிகளைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். அதன் விளைவு என்ன? அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பங்களின் முகத்தில் விழிக்கவும் அஞ்சினார்கள். நோயை விடக் கொடுமையாக இருந்தது இந்த ஒதுக்கல். ஆனால் பட்டியலை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலனாயிற்று. நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவவில்லை. ஒரே குடாவில் மீன் பிடித்துத் தின்றவர்களையே அது தேடிப் பிடித்திருந்தது. வீட்டுப் பூனைகளும் செத்திருந்தன. நவம்பர் மாதத்தில் குமமோட்டோ சர்வகலாசாலை நிபுணர்கள் தங்கள் முதல் அபிப்பிராயத்தை வெளியிட்டார்கள்: இது ஏதோ ஒரு கன உலோகத்தின் விஷம்; மீன், சிப்பி வழியாக உடம்புக்குள் போகிறது.

ஆதாரம் போதாது!

மீன் வழியாக விஷம் வருகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே மீன் பிடிப்பதை நிறுத்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நிறுத்தவில்லை. சுகாதார நிலையத் தலைவர் இடோ 1957-ல் குடாவில் பிடித்த மீன்களைப் பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார். பூனைகளுக்கு நோய் கண்டது. உணவுச் சட்டத்தின்படி அந்த மீன்களைத் தடை செய்யலாமா என்று குமமோட்டோ மாகாண நிர்வாகம் தலைநகருக்கு எழுதிக் கேட்டது. குடாவிலுள்ள எல்லா மீன்களுமே விஷம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகவே சட்டத்தைப் பிரயோகிக்க இயலாது என்று டோக்கியோவிலிருந்து பதில் வந்தது.

எந்த உலோகம் என்று கண்டுபிடிப்பதிலும் தாமதம் ஏற்பட்டது. மாங்கனீஸ் என்றார்கள், செலினியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். தொழிற்சாலையில் எந்தச் சரக்கு உபயோகமாகிறது, எது கழிவாகப் போகிறது என்ற விவரத்தைக் கம்பெனி முழுமையாகக் கொடுத்திருந்தால் வருஷக்கணக்கான உழைப்பு மிச்சமாகியிருக்கும். 1958-ல் மினமாட்டாவுக்கு வந்த மக்கால்ப்பைன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் நிபுணர், இந்த நோயாளிகளின் அறிகுறிகள் இங்கிலாந்தில் மீதைல் பாதரச விஷத்தால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுடைய அறிகுறிகளை ஒத்திருப்பதைக் கவனித்தார். இங்கிலாந்துச் சம்பவத்தை விவரிக்கும் கட்டுரை 1940-லேயே வெளியாகியிருந்தது.

1959 ஜூலை மாதத்தில் குமமோட்டோ நிபுணர்கள் குற்றவாளியின் பெயரைச் சொன்னார்கள். பாதரசம்! தொழிற்சாலைச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஒரு டன் சேற்றில் 2 கிலோ பாதரசம் இருந்தது. அதிலிருந்து பாதரசத்தை வடித்தெடுத்து விற்றாலே லாபம் கிடைக்கும் என்னும் அளவு! நோயாளிகளின் தலைமயிரைச் சோதித்தார்கள். வெளியூர்க்காரர்களின் மயிரில் சராசரி 10 லட்சத்தில் 4 பங்கு பாதரசம் இருந்தது. ஒரு நோயாளியின் மயிரில் 705 பங்கு இருந்தது.

இது எப்படி நேர்ந்தது? தொழிற்சாலையில் 1932-ம் வருஷத்திலிருந்து அசிடால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தார்கள். அந்த ரசாயன மாற்றத்தைத் துரிதப்படுத்தப் பாதரசம் சேர்ப்பார்கள். அதில் ஒரு சிறு பகுதி மீதைல் பாதரசமாக மாறிக் கழிவு நீரோடு கடலுக்குப் போயிற்று. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதைக் கிரகித்தன. அவற்றைச் சின்ன மீன் தின்றது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்றது. ஒவ்வொரு படியிலும் விஷம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசிப் படியில் இருந்தவை பூனையும் மனிதனும். தாயின் கர்ப்பத்திலிருந்த சிசுவையும் அது விட்டுவைக்கவில்லை. தாய்க்கு அதிக உபாதை இல்லாமலே குழந்தை கை கால் விளங்காமல் பிறந்த கொடுமையும் நடந்தது.

ஆஸ்பத்திரிக்குள் ஒரு பரிசோதனை

கம்பெனி நிபுணர்களின் முடிவை ஏற்கவில்லை. பாதரசமாவது, விஷமாவது என்று மறுத்தது. யுத்த காலத்தில் கடலில் போட்ட வெடிகுண்டுகளே காரணம் என்று ஒரு சாரார் கதை கட்டினார்கள். இந்தச் சமயத்தில் கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஹொசோகாவா ஒரு காரியம் செய்தார்.

மற்றவர்கள் குடாவிலிருந்து பிடித்த மீனைப் பூனைக்குப் போட்டார்கள். அவர் நேரே மூலத்துக்கே போனார். அசிடால்டிஹைடு பகுதியிலிருந்து வெளிவரும் கழிவு நீரை எடுத்து, பூனையின் தீனியில் கலந்து கொடுக்கத் தொடங்கினார். அது 1959 ஜூலை 21-ந் தேதி. அந்தப் பூனைக்குப் பரிசோதனைப் பதிவேட்டில் 400 என்று நம்பர். தினமும் அதன் நடையையும் கண்ணையும் கவனித்துக் குறிப்பு எழுதினார். அக்டோபர் 6-ந் தேதி பூனைக்குக் கால் தடுமாறிற்று, வலிப்பு கண்டது, சுழன்றது. குப்பத்துப் பூனைகள் ஆடிய அதே நடனம்! பூனையை அறுத்துச் சோதித்ததில் மூளை கெட்டிருந்தது தெரிந்தது.

ஹொசோகாவாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. எந்தக் குழாயிலிருந்து விஷம் வருகிறது என்று விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஆதாரம் அவர் கையில் இருந்தது. கம்பெனி அதிகாரிகளிடம் தெரிவித்தார். அவர்கள் என்ன செய்தார்கள்? பரிசோதனையை நிறுத்தச் சொன்னார்கள். முடிவு வெளியே போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் நடந்ததை நினைத்தால் மனம் கொதிக்கிறது. நவம்பரில் மீனவர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்து கலகம் செய்தார்கள். டிசம்பரில் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கம்பெனி ஆடம்பரமாகத் திறந்து வைத்தது. கம்பெனித் தலைவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். ஆனால் அந்த இயந்திரம் கரைந்துள்ள மீதைல் பாதரசத்தை நீக்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. டிசம்பர் 30-ந் தேதி நோயாளிக் குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இறந்தவருக்கு 3,20,000 யென். நோயாளிகளில் பெரியவர்களுக்கு வருஷம் 1 லட்சம் யென், சிறுவர்களுக்கு 30,000 யென். அதற்கு நஷ்ட ஈடு என்று பெயரிடவில்லை. அனுதாபத் தொகை என்று பெயர். பிற்காலத்தில் தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்தும் அதில் சேர்ந்திருந்தது. அந்த ஷரத்தை எழுதிய நாளில் 400-ம் நம்பர் பூனையின் முடிவு கம்பெனிக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட மீனவருக்குத் தெரியாது.

பேசாத வருஷங்கள்

ஹொசோகாவா அப்போதே வெளியே வந்து பேசியிருக்கக் கூடாதா? எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. அவர் பேசவில்லை. கம்பெனி டாக்டர் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர் என்பது அக்கால ஜப்பானில் எழுதாத சட்டம். அவர் கம்பெனிக்குள்ளேயே மறுபடி பரிசோதனை நடத்த அனுமதி பெற்றார். மேலும் பூனைகளைச் சோதித்தார். முடிவு அதேதான். 1962-ல் கம்பெனியை விட்டு விலகி, சொந்த மாகாணமான எஹிமேக்குத் திரும்பினார். நோட்டுகளில் எழுதியது அவருடைய மனத்திலும் எழுதியிருந்தது.

அவர் மௌனமாக இருந்த காலத்தில் தொழிற்சாலை சும்மா இருக்கவில்லை. 1960-ல் அசிடால்டிஹைடு உற்பத்தி 45,245 டன்னாக உச்சத்தைத் தொட்டது. கழிவு நீர் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நோய் அடங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். 1963-ல் குமமோட்டோ நிபுணர்கள் தொழிற்சாலைச் சேற்றிலேயே மீதைல் பாதரசத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. 1965-ல் அதே நோய் ஜப்பானின் மறு கோடியில், நிகாட்டா மாகாணத்தில், அகானோ ஆற்றங்கரையில் தலைகாட்டிற்று. அங்கேயும் அசிடால்டிஹைடு தயாரித்த வேறொரு கம்பெனிதான் காரணம். 400-ம் நம்பர் பூனையின் செய்தி 1959-லேயே ஊரறிய வெளிவந்திருந்தால், அகானோக் கரை ஜனங்கள் எச்சரிக்கை அடைந்திருக்க மாட்டார்களா?

பூனைப் பரிசோதனை நடந்த சங்கதியை ஊயி ஜுன் என்ற இளம் இஞ்சினீயர் மோப்பம் பிடித்துத் தேடி வந்தார். ஹொசோகாவாவிடம் போய்க் கேட்டார். டாக்டர் மறுக்கவில்லை; நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். மூடி வைத்த பானையின் மூடி அன்றைக்கு லேசாகத் திறந்தது.

படுக்கையிலிருந்து சாட்சியம்

1968 மே மாதத்தில் கம்பெனி பழைய முறையில் அசிடால்டிஹைடு தயாரிப்பதை நிறுத்தியது. பாதரசம் உபயோகிக்காத புதிய முறை வந்துவிட்டதுதான் காரணம். அதற்குப் பிறகு செப்டம்பர் 26-ந் தேதி, நோய்க்குக் காரணம் தொழிற்சாலைக் கழிவுதான் என்று ஜப்பான் சர்க்கார் அறிவித்தது. மே முதல் தேதித் தகவல் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! 1969-ல் நோயாளிக் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஏழை மீனவர்கள் ஒரு பக்கம், பெரிய கம்பெனி மறு பக்கம். கழிவில் இப்படி விஷம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பது கம்பெனியின் வாதம். தெரியும் என்று நிரூபிக்க யாரால் முடியும்?

ஒருவரால் முடியும். அவர் அப்போது டோக்கியோவில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஹொசோகாவாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். கோர்ட்டுக்கு வர உடம்பில் சக்தி இல்லை. ஆகவே 1970 ஜூலை 4-ந் தேதி கோர்ட்டே அவருடைய படுக்கைக்கு வந்தது. தன்னை வாழவைத்த கம்பெனிக்கு விரோதமாக அவர் சாட்சி சொன்னார். கழிவு நீரைப் பூனைக்குக் கொடுத்ததையும், பூனைக்கு நோய் கண்டதையும், அதைக் கம்பெனி அதிகாரிகளிடம் தெரிவித்ததையும் ஒன்று விடாமல் விவரித்தார். நோட்டுகள் அவர் சொல்லுக்குத் துணை நின்றன.

மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 13-ந் தேதி, 69-ம் வயதில் காலமானார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. 1973 மார்ச் 20-ந் தேதி குமமோட்டோ கோர்ட் கம்பெனி மீது குற்றம் சாட்டித் தீர்ப்புச் சொன்னது. அனுதாபத் தொகை ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளியது. ஒவ்வொரு நோயாளிக்கும் 160 லட்சம் முதல் 180 லட்சம் யென் வரை கொடுக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் ஜப்பான் சர்க்கார் மினமாட்டா கரையில் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட நோயாளிகள் மட்டும் 2,200-க்கு மேல்.

நம் கரைக்கு என்ன சம்பந்தம்?

மினமாட்டா எங்கே, தூத்துக்குடி எங்கே என்று கேட்கலாம். இங்கேயும் ஒரு பக்கம் வள்ளமும் விசைப்படகும், மறு பக்கம் புகைபோக்கியும் இருக்கின்றன. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்காவிட்டாலும், சங்கு குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் கடலை நம்பியே ஜீவிக்கிறார்கள். 1974-ல் பெரிய துறைமுகம் வந்தது. உரம், ரசாயனம், அனல் மின்சாரம், தாமிரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவை வேலை கொடுத்தன என்பதையும் மறுக்க முடியாது.

2013 மார்ச் 23-ந் தேதி காலையில் தூத்துக்குடி ஜனங்கள் பலருக்குத் தொண்டை எரிந்தது, கண் கரித்தது, இருமல் வந்தது. தாமிர ஆலையிலிருந்து கந்தக வாயு கசிந்துவிட்டது என்று புகார் எழுந்தது. ஆலைத் தரப்பு மறுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. அதே வருஷம் ஏப்ரலில், முந்தைய மாசுக்காக 100 கோடி ரூபாய் செலுத்தும்படி சுப்ரீம் கோர்ட் அந்தக் கம்பெனிக்கு உத்தரவிட்டது. 2018 மே 22-ந் தேதி ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். ஒரு வாரத்துக்குள் சர்க்கார் ஆலையை மூடியது. மூடியது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் முடிவு கூறியது. அந்த வருஷம் ஜூலை மாதத்தில் தூத்துக்குடி அருகே மீன் பதனிடும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

விஷம் கசிவது புதுமையல்ல. 1958-ல் பராத்தியான் என்ற பூச்சிமருந்து உணவுச் சரக்கில் கலந்து, கேரளத்தில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததை உலகமே அறியும். என்ன வாயு, அதற்கு என்ன மாற்று மருந்து என்று தெரியாமல் டாக்டர்கள் அன்றிரவு தவித்தார்கள். 2001-ல் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிப்பட்டு, தொழிற்சாலையே மூடப்பட்டது.

ஒவ்வொரு சம்பவத்திலும் தகராறு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. என்ன கசிந்தது, எப்போது கசிந்தது, யார் யாருக்கு என்ன ஆயிற்று? சம்பவம் நடந்த அன்றே இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி வைத்திருந்தால், பிறகு கட்சி கட்டி வாதாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1990 முதல் சில ராஜ்யங்களில் சுகாதார இலாகாவே இப்படி ஒரு பதிவேடு வைக்கத் தொடங்கியது. எங்கே எந்த ரசாயனம் சிந்திற்று, எத்தனை பேருக்குக் காயம், அவர்கள் தொழிலாளரா, தெருவில் போனவரா, தீயணைப்பு வீரரா என்று கணக்கெடுத்தார்கள். நம் நாட்டிலும் 1989-ல் வந்த விதிகளின்படி, அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலையில் பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 1996-ம் வருஷ விதிகள், விபத்து நேர்ந்தால் சமாளிப்பதற்கு மாவட்டந்தோறும் குழு வேண்டும் என்கின்றன.

ஆனால் ஆலை கொடுக்கும் தகவல் ஒரு பாதி மட்டுமே. மறு பாதி ஆஸ்பத்திரி நோட்டில் இருக்கிறது. இருமலோடு வந்தவர் எந்தத் தெரு, எந்த ஆலையில் வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று நாலு வரி சேர்த்து எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நாலு வரிகளை ஒரே பட்டியலில் அடுக்கிப் பார்ப்பவர் ஒருவர் சுகாதார அலுவலகத்தில் இருந்தால் போதும். மீன் செத்து ஒதுங்குவதையும், தண்ணீர் நிறம் மாறுவதையும் முதலில் பார்ப்பவர் மீனவர். அவர் சொல்வதையும் வாங்கி எழுதிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

பெரிய மனிதரா?

2013-ல் உலக நாடுகள் கூடிப் பாதரசத்தைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை செய்தன. அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்றே பெயர். இந்தியா 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஹொசோகாவாவும் நிற்கிறார்.

அவரை மகான் என்று சிலர் புகழ்கிறார்கள்; பேச வேண்டிய வேளையில் வாய் மூடியிருந்தார் என்று சிலர் குறை கூறுகிறார்கள். இரண்டும் உண்மைதான். 1956-ல் அவர் எழுதியனுப்பிய தகவல் நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1959-ல் அவர் அடக்கி வைத்த தகவலால் மேலும் ஒன்பது வருஷம் விஷம் ஓடிற்று. 1970-ல் அவர் சொன்ன சாட்சியம் மீனவருக்கு நியாயம் வாங்கித் தந்தது. ஒரே டாக்டர், ஒரே நோட்டு. அது திறந்திருந்தபோது உயிர்கள் பிழைத்தன. மூடியிருந்தபோது உயிர்கள் போயின.

கம்பெனி டாக்டரானாலும் சர்க்கார் டாக்டரானாலும், தான் கண்டதைச் சுகாதார இலாகாவுக்கு எழுதினால் வேலை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டிய நிலை இருக்கக் கூடாது. எல்லா டாக்டரும் மரணப் படுக்கை வரை காத்திருந்து பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பூனைகளும் எல்லாக் கடற்கரையிலும் நடனமாடி எச்சரிக்கை செய்துகொண்டிருக்கப் போவதில்லை.